மன்னா விழாத ஊரின் ஊற்று

தேங்காய்ச் சிரட்டையால் ஈரமணலைச் சுரண்டினால் ஒரு சத்தம் வரும், கேட்கிறவருக்குப் பல் கூசும். கோடைக்காலத்தில் எங்கள் ஊருக்குப் பொழுது விடிவதே அந்தச் சத்தத்தில்தான். சாயல்குடிக்குக் கிழக்கே, கடலுக்குப் பக்கம் என்று சொல்லிக்கொள்ளலாமே தவிர கடலால் பத்துப் பைசாவுக்குப் பிரயோசனம் இல்லாத ஊர் எங்களுடையது. பங்குனி பிறந்தால் கண்மாயில் ஆடு மாடு குடிக்கிற அளவுக்கு ஒரு கலங்கல் குட்டை மட்டும் மிஞ்சும். மனுசர் குடிப்பதற்கு மணல் ஓடையில் தோண்டிய ஒரே ஒரு குழிதான். அதை "ஊத்து" என்போம். பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, மணலிலிருந்து கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும்.

அந்த ஊற்றுக்கு இரண்டே சட்டங்கள் இருந்தன. முதலாவது, "ஒரு குடம், எந்திரி". எவ்வளவு பெரிய வீட்டுக்காரியாக இருந்தாலும் ஒரு குடம் நிறைந்ததும் எழுந்து அடுத்தவளுக்கு இடம் விடவேண்டும். இன்னொரு குடம் வேண்டுமென்றால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். இரண்டாவது, குழி இரண்டு முழ ஆழத்துக்குமேல் இறங்கக் கூடாது. எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேலே பாலாடை மாதிரி மெல்லிசாகப் படிந்து கிடப்பது. அவசரப்பட்டு ஒரு சாண் கூடுதலாகத் தோண்டிவிட்டால் அடியிலிருக்கிற உப்பு மேலே ஏறி, ஊற்றே கெட்டுப்போகும். அதனால் மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போகிற ஆள் யாராக இருந்தாலும் நிறுத்தி விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

அந்த ஊரில் வேதக்கார வீடு, அதாவது கிறிஸ்தவ வீடு, எங்களுடையது ஒன்றுதான். மற்ற எல்லாரும் கருப்பசாமியையும் அய்யனாரையும் கும்பிடுகிறவர்கள்; எங்களைப் போலவே மழையை நம்பி மிளகாயும் நெல்லும் போடுகிற சம்சாரிகள். அதனால் எங்களுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. எனக்குப் பதினோரு வயதான வருசம், இரண்டு போகம் மழை பொய்த்திருந்தது. அந்தக் கோடையில் அய்யா குடும்ப ஜெபத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரத்தில் அலைந்த கதையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிக்க ஆரம்பித்தார். ஊரே தண்ணீருக்குத் தவிக்கிற நேரத்தில் அதைவிடப் பொருத்தமான கதை வேறு கிடையாது என்பது அவர் எண்ணம். அய்யாவுக்குக் குரல் பெரிது. வாசலில் உட்கார்ந்து அவர் வாசித்தால் மூன்றாவது வீட்டு முத்துராக்கு அத்தை அடுப்படியில் இருந்தபடியே கேட்டுவிட்டு, மறுநாள் ஊற்றில் எங்களிடம், "நேத்து அந்தக் கடலு ரெண்டாப் பொளந்துச்சே, பெறகு என்னாச்சு?" என்று விசாரிப்பாள்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கதையோடு அவள் மல்லுக்கட்டியதுபோல் வேறு யாரும் மல்லுக்கட்டி நான் பார்த்ததில்லை. நாற்பது வருசம் நடந்தார்கள் என்று அய்யா வாசித்தால், "பிள்ளை பெத்த பச்ச உடம்புக்காரியும் சேந்தா நடந்தா? அதப்பத்தி ஒரு வரி எழுதலையே" என்பாள். அய்யா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போவார். மன்னா விழுந்த கதை வந்த அன்றைக்குச் சண்டை கொஞ்சம் பெரிதாகவே நடந்தது. வானத்திலிருந்து விழுந்த அந்த ஆகாரத்தை அவரவர் அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் பொறுக்கிக்கொள்ள வேண்டும், மறுநாளைக்கென்று எடுத்துவைத்தால் புழுத்து நாறிப்போகும், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு நாளைக்கு எடுக்கலாம் என்று அய்யா வாசித்து முடித்ததும் அம்மா கேட்டாள்: "அப்ப வீட்டுக்கு விருந்தாளி வந்தா என்ன செய்ய? வெறுங்கையோட நிக்கவா?"

எங்கள் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. அம்மா சிரிக்கவில்லை. அவள் கேட்டதில் அர்த்தம் இருந்தது. என் அக்கா கிரேஸுக்கு உச்சிப்புளிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை அமைந்து, அடுத்த வியாழக்கிழமை நிச்சயம் என்று பேசியிருந்தது. வேனில் முப்பது பேர் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கோடையில் முப்பது பேருக்குச் சோறு போட்டுவிடலாம், அரிசி பருப்பு கடனுக்குக்கூடக் கிடைக்கும். தண்ணீருக்கு எங்கே போவது? மாப்பிள்ளை வீட்டார் கை கழுவத் தண்ணீர் கேட்டு, இல்லை என்று சொல்லும்படி ஆனால் அந்தப் பேச்சு ராமநாதபுரம் வரைக்கும் போய்விடும் என்று அம்மா பயந்தாள். அவள் பயந்தால் முகத்தில் தெரியாது, கை வேகமாக வேலை செய்யும். அந்த வாரம் முழுக்க அவள் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை உச்சிவெயிலில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். மணல் சுடுகிற அந்த நேரத்தில் அங்கே ஒரு குருவிகூட இருக்காது. சாக்கில் சுற்றி மம்பட்டியைக் கொண்டுவந்திருந்தாள். முதல் இரண்டு குடம் முறையாகச் சிரட்டையால்தான் இறைத்தாள். மூன்றாவது குடத்தில் பொறுமை போய்விட்டது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கி நாலைந்து வெட்டு வெட்டினாள். தண்ணீர் சலசலவென்று வந்து கணுக்காலை மூடியது. எனக்குக் குதிக்கவேண்டும்போல் சந்தோசம். அம்மாவும் சிரித்தாள், அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். நானும் அவளும் ஆறு நடை நடந்து வீட்டு அண்டாவை நிரப்பினோம். கடைசி நடையில் குழியின் ஓரத்து மணலைத் தள்ளிப் பழைய ஆழத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, "யார் கிட்டயும் மூச்சு விடாத பாப்பா" என்றாள். அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்மா போட்டுக் கொடுத்த காப்பியை அய்யா ஒரு மடக்குக் குடித்துவிட்டு முற்றத்தில் துப்பினார். "என்ன, கடல்லயா மோந்தீங்க?" என்றார். அம்மா அண்டாவில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். முதலில் எடுத்த இரண்டு குடம் நல்ல தண்ணீரும் அதே அண்டாவில்தான் கிடந்தது. எல்லாம் ஒன்றாகக் கலந்து வாயில் வைக்க முடியாதபடி கரித்தது. அவள் மூடியை எடுத்து அண்டாவை மூடினாள்.

கொஞ்ச நேரத்தில் வெறுங்குடத்தோடு முத்துராக்கு அத்தை வாசலில் வந்து நின்றாள். ஊற்று உப்பாகிவிட்டதென்றும், யாரோ ஆழமாகத் தோண்டியிருக்கிறார்களென்றும், அது கிடைக்காரர்கள் வேலையாகத்தான் இருக்கும் என்றும் மூச்சு விடாமல் சொன்னாள். ஆட்டுமந்தையை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வயலில் எருவுக்காகக் கிடை போடுகிற குடும்பம் ஒன்று அப்போது ஊருக்கு மேற்கே தங்கியிருந்தது. புருசன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு கைப்பிள்ளை. அந்தப் பெண்ணின் பெயர் இருளாயி. அவளும் தினமும் எங்களோடு வரிசையில் உட்கார்ந்து ஒரு குடம் எடுத்துக்கொண்டு எழுந்துபோகிறவள்தான். "இருநூறு ஆட்டுக்குத் தண்ணி காட்டத் தோண்டியிருக்காக. மத்தியானத்துக்குள்ள கிடையைக் கிளப்பச் சொல்லி அம்பலம் ஆளனுப்பிட்டாக" என்று சொல்லிவிட்டு அத்தை போனாள். அம்பலம் என்றால் எங்கள் ஊர்த் தலைவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அம்மா அரிவாள்மனையின் முன்னால் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு வேன் வந்துவிடும். சொன்னால், ஊருக்கே குடிதண்ணீரைக் கெடுத்தவள் என்று நிச்சயத்தன்றே பெயர் வாங்கவேண்டும். தினமும் வாசலில் வேதம் வாசித்து ஊரைக் கேட்கவைத்த வீட்டுக்கு அதைவிடக் கேவலம் இருக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுந்தால் அக்காவின் காரியம் என்ன ஆகுமோ. சொல்லாவிட்டால், கைப்பிள்ளையோடு ஒருத்தி அந்தக் கொடும் வெயிலில் அடுத்த தண்ணீர் எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போகவேண்டும். பதினோரு வயதிலேயே எனக்கு இவ்வளவும் புரிந்தது. புரிந்தும், அம்மா சொல்லக்கூடாது என்றுதான் நான் ஆசைப்பட்டேன். இதை எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பாதிக் கத்திரிக்காயை அப்படியே போட்டுவிட்டு அம்மா எழுந்தாள். நிச்சயத்துக்காகக் காலையிலேயே உடுத்தியிருந்த அரக்குச் சேலையோடு, செருப்புகூடப் போடாமல் ஓடைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஊற்றைச் சுற்றி இருபது பெண்களாவது நின்றிருந்தார்கள். சற்றுத் தள்ளி இருளாயியின் புருசன் கிடைத் தட்டிகளை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். அம்மா எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்: "அவுக தோண்டல. நாந்தேன் தோண்டுனேன். நேத்து மத்தியானம், மம்பட்டிய வச்சு."

முத்துராக்கு அத்தை அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அடித்துவிடுவாளோ என்று நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். அத்தை கேட்டாள்: "ஏண்டி, வீட்டுக்கு முப்பது பேரு வாராகன்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து கேட்டிருந்தா, வீட்டுக்கு ஒரு குடம் வந்திருக்காதா? கிரேஸு ஒனக்கு மட்டுந்தேன் மகளா?"

அம்மா அதுவரைக்கும் அழவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் அழுதாள். யாராவது திட்டியிருந்தால் பதிலுக்கு வாயாடி நிமிர்ந்திருப்பாள், எனக்கு அவளைத் தெரியும்.

அதன்பின் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. முந்தின நாள் விடியலிலேயே இறைத்து, அன்றைக்குச் சமைக்கவும் குடிக்கவும் வைத்திருந்த அந்த ஒரு குடத்தை வீட்டுக்கு வீடு எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் அரைக் குடம், ஒருத்தி ஒரு செம்பு. அவர்கள் வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. எல்லாரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். உச்சிப்புளிக்காரர்கள் கை கழுவினார்கள், குடித்தார்கள், போதும் போதும் என்று மறித்தபோதும் மோர் ஊற்றப்பட்டது. அக்காவின் காரியம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. அந்த ஊரில் மன்னா விழுந்த கதை முழுசாகத் தெரிந்தவர்கள் நாங்கள் மட்டும்தான். நாளைக்கு என்று ஒரு சொட்டும் வைத்துக்கொள்ளாமல் கொண்டுவந்து கொட்டியவர்கள் அந்தக் கதையை அடுப்படியில் இருந்து அரைகுறையாகக் கேட்டவர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் இருளாயி இருக்கவில்லை. அம்பலமே ஆளனுப்பி இருக்கச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. அம்மா பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்தாள். இருளாயி கையை உதறவில்லை, கோபப்படவும் இல்லை. பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நீங்க பெரிய மனசாச் சொல்லிட்டீக. ஆனா இம்புட்டு சனத்துல ஒருத்தராச்சும், தோண்டுனீகளான்னு எங்கள ஒரு வார்த்தை கேக்கலையே" என்று சொல்லிவிட்டு மந்தைக்குப் பின்னால் நடந்தாள். வீட்டில் அத்தனை சிரிப்புக்கும் நடுவே அம்மா பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டதை நான் மட்டும் பார்த்தேன்.

கெட்டுப்போன குழியை மணலால் தூர்த்துவிட்டு, ஓடையில் நூறடி மேலே அளந்து வேறொன்று தோண்டினார்கள். அது ஊறுவதற்குப் பத்து நாளானது. அந்தப் பத்து நாளும் பக்கத்து ஊருக்கு நடந்தோம். போகிற வழியில் எங்கள் வீட்டை யாரும் குத்திப் பேசவில்லை என்று சொன்னால் அது பொய். பேசினார்கள்தான், பேசிக்கொண்டே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த வனாந்தரக் கதையில் ஜனங்கள் "முறுமுறுத்தார்கள்" என்று திரும்பத் திரும்ப வரும். தண்ணீர் இல்லை என்று முறுமுறுப்பார்கள், இறைச்சி இல்லை என்று முறுமுறுப்பார்கள், எகிப்திலேயே இருந்திருக்கலாம் என்பார்கள். வாரந்தோறும் பிரசங்கத்தில் அவர்களைக் குறை சொல்லியே பழகிவிட்டோம். எனக்கென்னவோ அவர்கள் மேல் இப்போது ஒரு மரியாதை வந்திருக்கிறது. நாற்பது வருசம் முறுமுறுத்துக்கொண்டேயானாலும் ஒருவரையொருவர் விடாமல் நடந்தார்களே, அதுவே பெரிய காரியம். முறுமுறுப்பதற்கும் கேட்பதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது, அதைக் கடப்பதற்குத்தான் அவர்களுக்கு அவ்வளவு காலம் பிடித்தது என்று நினைக்கிறேன். கேட்பது என்றால் எதிரில் இருக்கிறவரின் முகத்தைப் பார்க்கவேண்டும், என்னிடம் இல்லை என்று சொல்லவேண்டும். அம்மாவுக்குத் தண்ணீருக்காகக் கடவுளிடம் கேட்கத் தெரிந்திருந்தது, முத்துராக்கு அத்தையிடம் கேட்கத்தான் தெரியவில்லை.

அடுத்த வருசம் கிடை எங்கள் ஊருக்கு வரவில்லை. அதற்கடுத்த வருசமும் வரவில்லை. அறுப்பு முடிந்த வயலில் எந்த மந்தையின் தலை தெரிந்தாலும் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அய்யா ஆறுதலாக ஏதாவது சொன்னால், "மன்னிப்பு அவ தரணும், நீங்க தர முடியாது" என்று வாயை அடைத்துவிடுவாள். மூன்றாம் வருசம் ஒருநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது. இருளாயி நின்றிருந்தாள். பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்கு இடுப்பில் இருந்த பிள்ளை. பழைய பேச்சு எதையும் அவள் எடுக்கவில்லை. "மேகாட்டுல கிடை போட்டிருக்கோம்க்கா. ஒரு கொடம் தண்ணி குடுங்க" என்று குடத்தை நீட்டினாள். எங்கள் வாசலிலிருந்து இருநூறு அடி நடந்தால் ஓடை, அந்த வருசம் மழை பெய்து ஊற்று நிறைந்து கிடந்தது. அவளுக்கு எங்கள் வீட்டுத் தண்ணீர் தேவையே இல்லை. அம்மாவுக்கும் அது தெரியும். அம்மா குடத்தை வாங்கி, விளிம்பு வழிய வழிய நிரப்பிக் கொடுத்தாள்.

இப்போது அந்த ஓடை முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது, ஊற்று இருந்த இடத்தை என்னால்கூடக் காட்ட முடியாது. ஊருக்குக் குழாய் வந்துவிட்டது. வராத நாளில் டேங்கர் வருகிறது. நான் ராமநாதபுரத்தில் வீடு கட்டிப் பத்து வருசம் ஆகிறது. தரைக்கடியில் பெரிய தொட்டி, மாடியில் இன்னொன்று, குடிப்பதற்குக் கேன். தண்ணீர் கேட்டு எங்கள் தெருவில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. நல்லதுதான், பெண்களின் இடுப்பு மிஞ்சியது. சிரட்டையால் சுரண்டிய காலம் திரும்பவேண்டும் என்று சொல்கிறவர்கள் ஒரு நாளாவது சுரண்டிப் பார்க்கட்டும். அம்மா போய் நாலு வருசமாகிறது.

போன மாதம் மோட்டார் எரிந்துபோனது. மெக்கானிக் நாளைக்கு நாளைக்கு என்று மூன்று நாள் இழுத்தடித்தார். பாத்திரம் கழுவவும் கேன் தண்ணீரை வாங்கி ஊற்றிக்கொண்டு, எதிர்வீட்டுத் தோட்டத்தில் குழாய் கொட்டுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, முனகிக்கொண்டே இருந்தேன். நாலாம் நாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து அந்த வீட்டு மணியை அடித்தேன். அங்கே குடிவந்த ஆறு வருசமாகத் தலையசைத்துச் சிரிப்பதோடு நிறுத்திக்கொண்ட அந்த அம்மா கதவைத் திறந்து, என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மோட்டார் ஓடலைங்க, ஒரு குடம் தண்ணி வேணும்" என்றேன். சொல்வதற்குள் எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அவர் குடத்தை வாங்கிக்கொண்டார். "மூணு நாளாப் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன், கேன்காரன் வந்து வந்து போறான்" என்றார். "நாமளாப் போயிக் கேட்டாத் தப்பா நெனப்பீகளோன்னு இருந்துட்டேன். உள்ள வாங்க."